சேர்ப்பதா, மாற்றுவதா? தாழ் எமிட்டன்ஸ் சேமிப்பு வளையத்துக்கு எலெக்ட்ரான்களை ஊட்டும் மூன்று வழிகள்

பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையமான ஈஎஸ்ஆர்எஃப், எலெக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் பெறும் தன் பழைய சேமிப்பு வளையத்தை 2018 டிசம்பர் 10 அன்று நிறுத்தியது. அதே 844 மீட்டர் டனலுக்குள் புதிய வளையத்தைப் பொருத்தி, 2020 ஆகஸ்ட் 25 அன்று ஆய்வாளர்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இயங்கும் ஏபிஎஸ் என்ற அதே வகை நிலையம், 2023 ஏப்ரல் 17 அன்று தன் வளையத்தை நிறுத்தி, 2024 ஏப்ரலில் புதிய வளையத்தில் எலெக்ட்ரான்களைச் சேமித்தது. இரண்டு வளையங்களும் 6 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் இயங்குகின்றன; இரண்டிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த காந்த அடுக்கே இருக்கிறது. ஆனால் எலெக்ட்ரான்கள் குறையும்போது அவற்றை ஈடுசெய்வதில் இரண்டும் முற்றிலும் வேறு பாதைகளில் போகின்றன. கிரெனோபிளில் சுற்றிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான் கொத்துடன் புதியவற்றைச் சேர்க்கிறார்கள். ஆர்கானில் பழைய கொத்தை வெளியே தள்ளிவிட்டு, அதே நொடியில் அதன் இடத்தில் முழுமையான புதுக் கொத்தை அமர்த்துகிறார்கள்.

புதிதாக ஒரு வளையம் கட்டவோ பழையதை மாற்றவோ திட்டமிடும் ஆய்வகம் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எலெக்ட்ரான் கற்றை எவ்வளவு மெலிது என்பதைச் சொல்லும் எமிட்டன்ஸ் எண்ணை முதலில் தீர்மானித்துவிட்டு, உட்செலுத்தும் முறையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்ற அணுகுமுறை தவறு என்று நான் கருதுகிறேன். வளையத்தை முதன்முதலாக உயிர்ப்பிக்கும் கமிஷனிங் மாதங்கள் எப்படிக் கழியும் என்பதை உட்செலுத்தும் முறைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே காந்தங்களுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரின் இடத்திலிருந்து இந்தத் தேர்வைப் பார்க்க வேண்டும்.

எமிட்டன்ஸ் என்பது எலெக்ட்ரான் கற்றையின் அகலத்தையும் அதன் விரிகோணத்தையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு. அது சிறியதாக இருக்க இருக்க, வெளிவரும் எக்ஸ் கதிர் கூர்மையாகவும் ஒத்திசைவு மிக்கதாகவும் இருக்கும். 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு ஒளியின் இயல்பே விதிக்கும் எல்லை சுமார் 8 பிகோமீட்டர் ரேடியன் (இனி சுருக்கமாகப் பிகோமீட்டர்). பழைய ஈஎஸ்ஆர்எஃப் வளையத்தின் கிடைமட்ட எமிட்டன்ஸ் 4,000 பிகோமீட்டர். ஒரு வளைவுக் காந்தம் கற்றையைத் திருப்பும் கோணத்தின் மும்மடிக்கு ஏற்ப எமிட்டன்ஸ் கூடுவதால், பெரிய வளைவுகளைப் பல சிறு வளைவுகளாகப் பிரிப்பதே அதைக் குறைக்கும் நேரடி வழி. சுவீடனின் லுண்ட் நகரிலுள்ள மேக்ஸ் ஃபோர், 528 மீட்டர் சுற்றளவுள்ள தன் வளையத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஏழு வளைவுகள் வைத்து, இந்த முறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்து சுமார் 330 பிகோமீட்டரை எட்டியது. ஈஎஸ்ஆர்எஃப்பில் பான்டலேயோ ரைமொண்டி தலைமையில் உருவான கலப்பு ஏழு-வளைவு அமைப்பு, 32 பகுதிகளிலும் இரண்டுக்குப் பதில் ஏழு வளைவுகளை வைத்தது. கணக்குப்படி மூன்றரையின் மும்மடியாக ஏறத்தாழ 43 மடங்கு குறைந்திருக்க வேண்டும். நடைமுறையில் எமிட்டன்ஸ் 30 மடங்கு குறைந்து 133 பிகோமீட்டருக்கு வந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை வேறிடத்தில் தெரியும். வளைவுகளுக்கிடையே கற்றையை இறுக்கிப் பிடிக்க வலுவான நான்முனைக் காந்தங்கள் வேண்டும். ஆற்றல் சற்றே மாறிய எலெக்ட்ரான்கள் அக்காந்தங்களில் வேறு இடத்தில் குவிவதால், அதைத் திருத்த அதைவிட வலுவான அறுமுனைக் காந்தங்கள் வேண்டும். அறுமுனைக் காந்தத்தின் விசை நேர்கோட்டில் அதிகரிப்பதில்லை. மையத்திலிருந்து விலக விலக அது வேகமாக வளர்ந்து, ஒரு கட்டத்துக்குப் பின் எலெக்ட்ரானை ஒழுங்கற்ற பாதையில் தள்ளிச் சுவரில் மோதவைக்கும். எலெக்ட்ரான் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகும்வரை தப்பிப் பிழைக்கும் என்ற இந்த எல்லையை இயங்கு இடைவெளி எனலாம். குழாயின் உள்ளே வெற்றிடம் 20 மில்லிமீட்டர் அகலமாக இருந்தாலும், கற்றைக்குப் பயன்படும் இடம் அதில் சில மில்லிமீட்டர்தான். புது எலெக்ட்ரான்களை எங்கே நுழைப்பது என்ற கேள்வி அந்தச் சில மில்லிமீட்டருக்குள்தான் பிறக்கிறது.

வழிகளை ஒப்பிடும் முன், கமிஷனிங்கின் முதல் நாட்களைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஈஎஸ்ஆர்எஃப்பின் புதிய வளையத்தில் கற்றையின் நிலையை அளக்கும் பிபிஎம்கள் 320 இருக்கின்றன, ஏபிஎஸ்ஸில் 560. எலெக்ட்ரான்களின் ஆற்றலை உயர்த்தி அனுப்பும் பூஸ்டரிலிருந்து முதல் துடிப்பு வளையத்துக்குள் வந்ததும், திரையில் இந்த அளவிகளின் வாசிப்புகள் இடமிருந்து வலமாக வரிசையாக எழும். முதல் சில பகுதிகளில் சமிக்ஞை நிமிர்ந்து நிற்கும். பிறகு பாதை மேலும் கீழும் அலையத் தொடங்கி, ஏதோ ஓரிடத்தில் சமிக்ஞை சரிந்து பூஜ்ஜியமாகும். எலெக்ட்ரான்கள் அங்கே சுவரில் மோதிவிட்டன என்று பொருள். அதற்கு முன்னாலுள்ள திருத்தக் காந்தங்களைச் சிறிது மாற்றி அடுத்த துடிப்பை அனுப்பினால், கோடு இன்னும் இரண்டு பகுதி தாண்டி நீளும். இப்படி வளையம் முழுவதும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே போக வேண்டும். காந்தங்கள் ஒவ்வொன்றும் சில பத்து மைக்ரோமீட்டருக்குள் துல்லியமாக அமர்ந்திருந்தாலும், இவ்வளவு வலுவான குவிப்பில் அந்தச் சிறு பிழைகள் பெருகி மில்லிமீட்டர்களாகிவிடும். அதனால்தான் பல திட்டங்களில் முதல் சுற்றை எட்டும்வரை அறுமுனைக் காந்தங்களை அணைத்துவைத்து, சில சுற்றுகள் கிடைத்த பிறகு படிப்படியாக ஏற்றுவதாகத் திட்டமிடுகிறார்கள்.

ஒரு சுற்று கிடைத்துவிட்டால் அடுத்தவை வரிசையாக வரும். கற்றை இழக்கும் ஆற்றலை ஈடுசெய்யும் ரேடியோ அலைவெண் குழிவின் அலைவெண்ணையும் கட்டத்தையும் பொருத்திக் கற்றையைப் பிடித்து நிறுத்துவது, ஒவ்வொரு பிபிஎம்மின் உண்மையான மையத்தையும் அருகிலுள்ள காந்தத்தைக் கொண்டு கண்டறிவது, ஜேம்ஸ் சாஃப்ரானெக் 1990களில் வகுத்த லோகோ முறையால் காந்தங்களின் குவிப்புப் பிழைகளைக் கணக்கிட்டுத் திருத்துவது ஆகியவை எல்லா வளையங்களுக்கும் பொதுவான வேலைகள். உட்செலுத்தும் முறைகளின் வேறுபாடு இவற்றில் தெரியாது. கற்றை நின்ற பிறகு, அடுத்த துடிப்பை அதன்மேல் எப்படி ஏற்றுவது என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன.

முதல் வழி, பல பத்தாண்டுகளாக எல்லா வளையங்களும் கையாண்ட அச்சு விலகிய சேர்க்கை. உட்செலுத்தும் இடத்தில் செப்டம் என்ற மெல்லிய காந்தத் தகடு நிற்கும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அதன் ஒருபுறம் சேமித்த கற்றையும் மறுபுறம் புதிய துடிப்பும் போகும். நான்கு கிக்கர் காந்தங்கள் மைக்ரோவிநாடிகளுக்குச் சேமித்த கற்றையைச் செப்டத்தின் பக்கம் வளைத்துக் கொண்டுவந்து, புதிய துடிப்பு நுழைந்ததும் மீண்டும் மையத்துக்குக் கொண்டுபோகும். புதிய எலெக்ட்ரான்கள் மையத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகி அலைந்தபடியே சுற்றி, பல ஆயிரம் சுற்றுகளில் தங்கள் அலைவை ஒளியாக இழந்து மையக் கொத்துடன் கலந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் சிறிதளவு மின்னூட்டம் வந்தால் போதும். நூறு துடிப்புகளில் மெதுவாக வளையம் நிறையும்.

ஈஎஸ்ஆர்எஃப் இந்த வழியையே வைத்துக்கொண்டது, அதுவும் லினாக் என்ற தன் பழைய நேர்கோட்டு முடுக்கியையும் 300 மீட்டர் பூஸ்டரையும் மாற்றாமலே. அந்தப் பூஸ்டரின் எமிட்டன்ஸ் நூறு நானோமீட்டர் அளவிலிருப்பதால், உள்ளே வரும் கற்றை அகலமானது. அதை ஏற்பதற்காக உட்செலுத்தும் இடத்தின் பகுதிகளில் மட்டும் காந்த அமைப்பை மாற்றி, இயங்கு இடைவெளியை விரித்தார்கள். வளையத்தின் மற்ற முப்பது பகுதிகளின் சமச்சீர் இதனால் சற்றுக் கெடும் என்று தெரிந்தே செய்த முடிவு இது. பலன் காலக்கணக்கில் தெரிந்தது: 2019 நவம்பர் 28 அன்று முதல் எலெக்ட்ரான்கள் வளையத்துக்குள் போயின, டிசம்பர் 6 அன்று கற்றை நின்று சுற்றியது, அந்த மாதத்தின் நடுவிலேயே துடிப்பின்மேல் துடிப்பாகச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய பூஸ்டர் தனக்குப் பழக்கமான வேலையைத் தொடர்ந்து செய்தது என்பதே இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. புதிய வளையத்தின் பிழைகளைத் தேடும் நேரத்தில் பூஸ்டரையும் சந்தேகிக்க வேண்டிய நிலை அங்கே இருக்கவில்லை.

இந்த வழியின் குறையும் அங்கேயே வெளிப்பட்டது. நான்கு கிக்கர்களும் மிகச் சரியாக ஒத்துப்போனால்தான் சேமித்த கற்றை அசையாமல் திரும்பும். அவற்றுக்கிடையே அறுமுனைக் காந்தங்கள் இருந்தால் அந்த ஒத்திசைவு முழுமையாவது கடினம். பழைய வளையத்தில் பெரிய கற்றையின் சிறு நடுக்கமாகத் தெரிந்த அசைவு, புதிய மெல்லிய கற்றையில் கற்றையின் அகலத்தைவிடப் பெரியதாகிவிடும். மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் டாப்-அப் முறையில் சோதனை நடக்கும்போதே உட்செலுத்துகிறார்கள்; ஆகவே ஒவ்வொரு முறையும் சில ஆயிரத்திலொரு பங்கு விநாடிகளுக்கு ஆய்வாளரின் எக்ஸ் கதிர் நடுங்குகிறது. அதைக் குறைக்க ஈஎஸ்ஆர்எஃப் தொடர்ந்து உழைத்துவருகிறது. நுண்நோக்கிப் படம் எடுப்பவருக்கு இது சிறு விஷயமல்ல.

இரண்டாம் வழி, நேரிலாக் கிக்கர், அதாவது புலம் நேர்கோட்டில் அதிகரிக்காத கிக்கர். இதில் நான்கு கிக்கர்களுக்குப் பதில் ஒன்றே இருக்கும். அதன் கம்பிகள் அமைந்திருக்கும் விதத்தால், குழாயின் மையத்தில் காந்தப்புலம் ஏறத்தாழப் பூஜ்ஜியமாகவும், மையத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி உச்சமாகவும் இருக்கும். மையத்தில் போகும் சேமித்த கற்றைக்கு அது தெரியாது. ஓரத்தில் வரும் புதுத் துடிப்பு மட்டும் உள்நோக்கித் தள்ளப்படும். ஜப்பானின் ஃபோட்டான் ஃபேக்டரியில் துடிப்பு நான்முனை, அறுமுனைக் காந்தங்களாகத் தொடங்கிய இந்த எண்ணம், பெர்லினின் பெஸ்ஸி வளையத்தில் கம்பி வடிவம் பெற்றது. மேக்ஸ் ஃபோர் பிரான்சின் சொலெய் நிலையத்துடன் சேர்ந்து தனக்கான கிக்கரை உருவாக்கியது.

மேக்ஸ் ஃபோரின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2015 ஆகஸ்டில் வளையத்தைச் சுற்றிய முதல் கற்றையும், செப்டம்பரில் நின்ற முதல் கற்றையும் சாதாரண இருமுனைக் கிக்கர் ஒன்றின் உதவியால் வந்தவை. நேரிலாக் கிக்கர் பின்னர்தான் வந்தது. பிரேசிலின் கம்பீனாஸ் நகரிலுள்ள சிரியஸும் அப்படித்தான்: 2019 நவம்பரில் முதல் சுற்றுக்கும் டிசம்பரில் முதல் சேமிப்புக்கும் எலெக்ட்ரான்களை அச்சிலேயே அமர்த்தும் கிக்கரைப் பயன்படுத்தி, பிறகு சேர்க்கைக்கு நேரிலாக் கிக்கருக்கு மாறினார்கள். இதன் காரணம் எளிது. வளையம் இன்னும் திருத்தப்படாதபோது இயங்கு இடைவெளி மிகச் சிறிது. ஓரத்தில் நுழைக்கும் எலெக்ட்ரான் பத்துச் சுற்றுகூடத் தாங்காது. அச்சில் நுழைந்தால் தாங்கும். காகிதத்தில் கணக்கிட்ட இயங்கு இடைவெளி, வளையம் செம்மையான பின் கிடைப்பது. முதல் வாரத்தில் இருப்பது வேறு.

நேரிலாக் கிக்கரின் நிபந்தனை, உள்ளே வரும் கற்றை மெலிதாக இருக்க வேண்டும் என்பது. கிக்கரின் புலம் உச்சமாக இருக்கும் பகுதி குறுகியது. அகன்ற கற்றையின் ஒரு விளிம்பு அதிகமாகவும் மறு விளிம்பு குறைவாகவும் தள்ளப்பட்டால் பாதி தொலைந்துவிடும். மேக்ஸ் ஃபோரில் முழு ஆற்றல் லினாக் நேரடியாக ஊட்டுவதால் கற்றை மிக மெலிது. சிரியஸில் பூஸ்டரையே சேமிப்பு வளையத்தின் டனலுக்குள், ஏறத்தாழ அதே சுற்றளவில் கட்டியதால் அதன் எமிட்டன்ஸ் சில நானோமீட்டர்தான். புதிதாக எல்லாவற்றையும் கட்டுபவர்களுக்கு இந்த வழி இயல்பாகப் பொருந்தும். பழைய பூஸ்டரைத் தக்கவைக்கும் ஆய்வகம் இதைத் தேர்ந்தால், பூஸ்டரையும் மாற்ற வேண்டிவரலாம். இன்னொன்று: அந்தக் கம்பிகள் கற்றைக்கு மிக அருகில் ஒரு மின்கடத்தாக் குழாயைச் சூழ்ந்திருக்கின்றன, அதன் உட்புற உலோகப் பூச்சு தடித்தால் புலம் மங்கும், மெலிந்தால் கற்றையின் வெப்பத்தைத் தாங்காது.

மூன்றாம் வழியான மாற்றீட்டு முறை, ஏபிஎஸ்ஸின் மைக்கேல் போர்லாண்ட், லூயி எமரி ஆகியோர் முன்வைத்து வளர்த்தது. இதில் புதுக் கொத்து நேராக அச்சிலேயே வந்து அமரும். அது அமரும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் தேய்ந்த கொத்து அதே துடிப்பால் வெளியே தள்ளப்பட்டு, அதற்கென அமைத்த உலோகக் கட்டையில் மோதி முடியும். ஓரத்தில் எதையும் நுழைக்க வேண்டாம் என்பதால் இயங்கு இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர் இருந்தாலே போதும்.

இந்த விடுதலை பெரியது. ஏபிஎஸ் தன் ஆற்றலை 7 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 6 ஆகக் குறைத்து, ஏழு வளைவுகளுடன் எதிர்த்திசையில் சற்றே வளைக்கும் காந்தங்களையும் சேர்த்து, 3,100 பிகோமீட்டரிலிருந்து 42 பிகோமீட்டருக்கு வந்தது. வடிவமைப்புக் கட்டத்தில் சேர்க்கையை அனுமதிக்கும் மாற்று வடிவங்களையும் அங்கே ஆராய்ந்தார்கள். அவை 70 பிகோமீட்டருக்கு மேலேயே நின்றன. இரண்டுக்குமிடையே உள்ள அந்த வேறுபாடுதான் மாற்றீட்டு முறையின் உண்மையான வருமானம். எமிட்டன்ஸ் மட்டுமல்ல: சேர்க்கை முறையில் கிடைமட்டமாக அலையும் புது எலெக்ட்ரான்களுக்கு இடம் வேண்டியிருப்பதால் ஒளிதரும் அன்டுலேட்டர் காந்த வரிசைகளின் குழாய் கிடையாக அகலமாக இருந்தாக வேண்டும், மாற்றீட்டில் அதை எல்லாப் பக்கமும் குறுகிய வட்டக் குழாயாக்கலாம். கற்றையையே நீள்வட்டத்துக்குப் பதில் வட்டமாக்கி ஓட்டலாம். சேர்க்கை முறையில் அப்படிச் செய்தால் புதியவற்றின் கிடை அலைவு செங்குத்தாகத் திரும்பிக் குறுகிய இடைவெளிகளில் மோதும். ஒத்திசைவு எக்ஸ் கதிரை நம்பிப் படம் எடுக்கும் துறைகளுக்கு இவை வெறும் அலங்காரமல்ல.

ஆனால் செலவு உட்செலுத்தும் இயந்திரத்தின் தலையில் விழுகிறது. ஏபிஎஸ் வளையத்தை ஒளியின் வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்ற 3.68 மைக்ரோவிநாடி ஆகும்; 200 மில்லியாம்பியருக்கு அதில் மொத்தம் 736 நானோகூலூம் மின்னூட்டம் சுற்ற வேண்டும். 324 கொத்துகளாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2.3 நானோகூலூம். நேரப் பகுப்பு ஆய்வுகள் கேட்கும் 48 கொத்து முறையில் ஒன்றுக்கு 15 நானோகூலூமுக்கு மேல் வேண்டும். இதை ஒரே துடிப்பில் ஒரே கொத்தாகப் பூஸ்டர் கொடுத்தாக வேண்டும். வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடுதலாக. சிறு துளிகளாகச் சேர்த்துப் பழகிய பழைய பூஸ்டருக்கு இது வேறு தொழில். குறைந்த ஆற்றலில் அடர்ந்த கொத்து நிலைகுலையும். பூஸ்டரின் ரேடியோ அலைவெண் குழிவுகளை அதுவே அழுத்தும். சேமிப்பு வளையத்தைத் தொடங்கும் அதே மாதங்களில் பூஸ்டரையும் அதன் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதுதான் இந்த முறையின் மறைவான சுமை என்று நான் சொல்வேன்.

கிக்கர்களும் எளிதல்ல. 324 கொத்து முறையில் அடுத்தடுத்த கொத்துகளுக்கிடையே 11 நானோவிநாடிக்குச் சற்று அதிகமான இடைவெளிதான் உண்டு. அதற்குள் புலம் எழுந்து, ஒரு கொத்தை மட்டும் தள்ளிவிட்டு, அடுத்ததைத் தொடாமல் விழ வேண்டும். இரும்புக் காந்தங்களால் இது முடியாது. கற்றையின் இருபுறமும் உலோகப் பட்டைகளை வைத்து, எதிரெதிர் துருவத்தில் இருபது கிலோவோல்ட்டை நெருங்கும் துடிப்புகளைக் கொடுக்கிறார்கள். ஊடுருவி வெற்றிடத்துக்குள் போகும் மின்னிணைப்புகளில் பொறி பறக்காமல் இதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் செய்ய வேண்டும்.

வெளியே தள்ளப்படும் கொத்து என்னவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 15 நானோகூலூம் கொத்து ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 92 ஜூல். வளையம் முழுவதிலும் சுற்றும் ஆற்றல் 4.4 கிலோஜூல், ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தத்தான் அது காணும். ஆனால் ரேடியோ அலைவெண் திறன் திடீரென நின்று கற்றை முழுவதும் சில சுற்றுகளுக்குள் ஒரே இடத்தில் மோதினால், அந்த ஆற்றல் தலைமயிரைவிட மெல்லிய பரப்பில் மைக்ரோவிநாடிகளில் இறங்குகிறது. பழைய ஏபிஎஸ் வளையம் இயங்கியபோதே, எமிட்டன்ஸ் அவ்வளவு தாழாத கற்றையை அலுமினியத் துண்டுகளில் மோதவிட்டுச் சோதித்தார்கள்; அலுமினியம் உருகிப் பள்ளம் விழுந்தது. ஆகவே கொத்தை வெளியே தள்ளும் முன் இன்னொரு கிக்கரால் அதைக் கலைத்து, பருமனாக்கி அனுப்புவது போன்ற ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. இந்தப் பாதுகாப்புப் பிரச்சினை மாற்றீட்டு முறைக்கு மட்டும் உரியதல்ல, எல்லா அடர்ந்த கற்றைக்கும் உண்டு. எனினும் மாற்றீட்டில் அது அன்றாட வேலையாகிவிடுகிறது.

பூஸ்டரின் சுமையைக் குறைக்க வேறு இரண்டு ஆய்வகங்கள் வேறுவேறு விடை கண்டிருக்கின்றன. பெய்ஜிங்கின் ஹுவைரோவில் 1,360 மீட்டர் சுற்றளவில் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் கற்றையைச் சேமித்த ஹெப்ஸ், வெளியேற்றும் கொத்தை வீசிவிடாமல் பூஸ்டருக்கே திருப்பி அனுப்பி, அங்கே காத்திருக்கும் புதிய எலெக்ட்ரான்களுடன் கலந்து, நிரம்பிய கொத்தாக மீண்டும் வளையத்தில் அமர்த்தும் வகையில் வடிவமைக்கப்பட்டது. பெர்க்லியின் ஏஎல்எஸ், தன் மேம்பாட்டுத் திட்டத்தில் சேமிப்பு வளையத்தின் டனலுக்குள்ளேயே ஒரு சேகரிப்பு வளையத்தைப் பொருத்துகிறது. பழைய முறைப்படி துளித்துளியாய்ச் சேர்ப்பது அதில் நடக்கும், மாற்றீடு முதன்மை வளையத்தில் நடக்கும். பழைய வளையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இச்சேகரிப்பு வளையத்தைப் பொருத்திச் சோதிக்கலாம் என்பது இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நிறுத்தக் காலம் தொடங்கும் முன்பே பாதிப் பிழைகள் வெளிவந்துவிடும்.

இப்போது கமிஷனிங் மேசையில் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். முதல் சுற்றுக்கு மாற்றீட்டு வளையமே வசதியானது. அதன் வன்பொருள் பிறவியிலேயே அச்சில் அமர்த்துவது. சேர்க்கைக்கான இயங்கு இடைவெளி திறக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மற்ற இரண்டிலும் அச்சு முறையில் தொடங்கி, வளையத்தைத் திருத்தி, பிறகு சேர்க்கைக்கு மாறும் ஒரு கூடுதல் படி இருக்கிறது. அந்தப் படியில் சிக்கினால் வாரங்கள் போகலாம். ஆனால் அதைத் தாண்டிவிட்டால் மின்னோட்டத்தை உயர்த்துவது வளையத்தின் கையில் மட்டுமே இருக்கும்.

வெற்றிடத்தைப் பதப்படுத்தும் கட்டத்தில் நிலை மாறுகிறது. புதிய குழாயின் சுவர்களில் ஒட்டியிருக்கும் வாயு, கற்றையின் ஒளி படப்பட வெளியேறும். அழுத்தம் கூடினால் கற்றையின் ஆயுள் குறையும். ஆகவே மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, நீண்ட நேரம் சுற்றவிட வேண்டும். சேர்க்கை முறையில் ஆயுள் குறைவாக இருந்தாலும் பூஸ்டரின் எளிய துடிப்புகள் அதை ஈடுகட்டும். மாற்றீட்டில், பல கொத்து முறையில் இதை நடத்தலாம் என்றாலும், ஒவ்வொரு கொத்தின் மின்னூட்டமும் அன்றைக்குப் பூஸ்டர் கொடுக்க முடிவதைத் தாண்டாது. பூஸ்டர் முனகினால் வெற்றிடப் பதப்படுத்தலும் நிற்கும். கற்றை நின்றுபோன பின் வளையத்தை மறுபடி நிரப்புவதிலும் இதே சார்பு உண்டு. ஆய்வாளர் வந்த பிறகோ தராசு மறுபக்கம் சாய்கிறது: நான்கு கிக்கர் முறையில் முழுக் கற்றையும் நடுங்கும், நேரிலாக் கிக்கரில் நடுக்கம் வெகுவாகக் குறையும், மாற்றீட்டில் மாற்றப்படும் ஒரு கொத்தைத் தவிர மற்றவை ஏறத்தாழ அமைதியாகவே இருக்கும்.

தேர்வு பற்றிய என் முடிவு இதுதான். இலக்கு 100 பிகோமீட்டரைச் சுற்றியோ அதற்கு மேலோ இருந்து, கையில் நம்பகமான பழைய பூஸ்டர் இருந்தால், அச்சு விலகிய சேர்க்கையை விட்டுக்கொடுக்கக் கூடாது. கிக்கர்களின் நடுக்கத்தைப் பிற்பாடு படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் இழந்த கமிஷனிங் மாதங்களைத் திரும்பப் பெற முடியாது. பூஸ்டர் உட்பட அனைத்தையும் புதிதாகக் கட்டுவதானால், சிரியஸைப் போல மெல்லிய கற்றை தரும் பூஸ்டரை அதே டனலில் அமைத்து நேரிலாக் கிக்கரைத் தேர்வதே மூன்றிலும் சமநிலையானது. 50 பிகோமீட்டருக்குக் கீழே போக வேண்டும், வட்டக் கற்றை வேண்டும் என்று ஆய்வுத் தேவை உறுதியாகக் கேட்டால் மட்டுமே மாற்றீடு. அப்போதும் முதல் பணம் போக வேண்டியது வளையத்துக்கு அல்ல, முழு மின்னூட்டத்தை நாள்தோறும் தவறாமல் தரும் உட்செலுத்தும் அமைப்புக்கு.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி தூரத்து விஷயமல்ல. இந்தூரிலுள்ள இண்டஸ்-2, 172 மீட்டர் சுற்றளவில் 2.5 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் வளையம். அதன் வடிவமைப்பு எமிட்டன்ஸ் 58 நானோமீட்டர், அதாவது ஈஎஸ்ஆர்எஃப் புதிய வளையத்தைப்போல நானூறு மடங்குக்கு மேல். அங்கே சுமார் 550 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டில் உட்செலுத்தி, வளையத்துக்குள்ளேயே ஆற்றலை உயர்த்துகிறார்கள். அடுத்த தலைமுறை வளையம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படும் நாட்டில், முழு ஆற்றல் பூஸ்டரே புதிதாகக் கட்ட வேண்டிய ஒன்று என்பதால், மேலே சொன்ன இரண்டாம் நிலைமைதான் பொருந்துகிறது. வளையமும் பூஸ்டரும் ஒரே டனலில், ஒரே திட்டத்தில் வரைபடமாகத் தொடங்கலாம் என்ற வாய்ப்பு பழைய நிலையங்களுக்கு இருந்ததில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நேர்ப்பகுதியின் வரைபடத்தில் இரண்டு இடங்களை இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும்: முதல் சுற்றுக்காக எலெக்ட்ரானை அச்சில் அமர்த்தும் ஒரு கிக்கருக்கும், பின்னாளில் நேரிலாக் கிக்கரோ பட்டைக் கிக்கரோ சேர்க்க ஏறத்தாழ ஒரு மீட்டர் வெற்றுக் குழாய்க்கும். அதோடு, பிழைகள் நிறைந்த நூறு கற்பனை வளையங்களைக் கணினியில் உருவாக்கி, அணைத்த அறுமுனைக் காந்தங்களிலிருந்து நிலைத்த கற்றைவரை ஒவ்வொரு படியையும் ஓட்டிப் பார்க்கும் உருவக ஆய்வை, ஏபிஎஸ்ஸிலும் ஈஎஸ்ஆர்எஃப்பிலும் பெர்க்லியிலும் செய்ததுபோல, செப்டத்தின் தடிமனை முடிவு செய்வதற்கு முன்பே நடத்த வேண்டும். அந்த நூறில் எத்தனை வளையங்களில் முதல் வாரத்துக்குள் சேர்க்கை சாத்தியமாகிறது என்ற எண் கைக்கு வந்த பிறகு, உட்செலுத்தும் முறை பற்றிய கூட்டத்தைக் கூட்டலாம்.